ஓகஸ்டில் வரட்டும்

அக்கா,

அலுமாரியின் கீழ்த்தட்டைத் துப்புரவாக்கப் போன இடத்தில் உங்கள் கிளினிக் பை அகப்பட்டது. திறந்ததும் ஓடிக்கொலோன் வாசனை முகத்தில் அடித்தது. வாந்தி வருமாப்போல் ஓங்காளிக்கும் என்று கைலேஞ்சியில் நனைத்து மூக்கில் பிடிப்பீர்களே, அதேதான். மூடி வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உயிரோடிருக்கும் ஒருவரிடமும் சொல்லத் துணிவில்லாமல் உங்களிடம் வந்திருக்கிறேன்.

மகளைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு கொழும்பில், வெள்ளவத்தையில் என்னோடு வந்து இருந்தீர்கள். உங்களுக்குச் சிங்களம் தெரியாது. நான் கந்தோர் வேலையில் முப்பது வருடம் சிங்களத்தோடு மாரடித்தவள். அதனால் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வாயும் காதும் நானே. டொக்டரிடம் கேட்கவேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே என்னைப் பாடமாக்க வைப்பீர்கள். ஒன்றை விட்டாலும் முறைப்பீர்கள்.

அந்த மாசி மாதம் ஒரேயொரு கேள்விதான் வைத்திருந்தீர்கள்.

"பிள்ளையளின்ரை லீவுக்கு, ஓகஸ்டிலை வாறன் எண்டு நிக்கிறாள் மகள். அதுமட்டும் நான் உயிரோடை இருப்பனோ, இப்பவே வரச்சொல்லவோ? உள்ளதைச் சொல்லச் சொல்லு."

கேட்டேன். அதுவரை பிசகில்லை. அந்த இளம் டொக்டர் கதிரையை உங்கள் பக்கம் திருப்பி, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்தே கதைத்தார். மருந்து இனிக் கேட்காது, சில கிழமைகள்தான், மகளை உடனே கூப்பிடுங்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். அவருக்குத் தெரியவேண்டும்" என்றார்.

எங்கள் வீடுகளில் யார் அப்படிச் சொன்னோம்? அப்பாவின் புற்றுநோயை வயிற்றுப்புண் என்று நீங்களும் நானும் சேர்ந்துதானே கடைசிவரை மறைத்தோம். தெரிந்தால் மனம் விட்டுவிடுவார் என்று பயந்தோம். அந்தப் பழக்கம்தான் அன்று முந்திக்கொண்டது.

"மருந்து வேலை செய்யுதாம், அக்கா. ஓகஸ்டிலை வந்தாக் காணுமாம், அவசரமில்லையாம்."

"அந்த டொக்டர்ப் பிள்ளை அவ்வளவு நேரம் கதைச்சது. நீ ரெண்டு சொல்லிலை முடிச்சிட்டாய்?"

"சிங்களம் அப்பிடித்தான். நீட்டமா வரும்."

சிரித்தீர்கள். "நல்ல பிள்ளை. முகத்தைப் பாத்துக் கதைக்குது" என்றீர்கள். சொல்லிவிட்டீர்களா என்று டொக்டர் என்னைக் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு பேரை ஏமாற்றினேன்.

அன்று பின்னேரம் மகள் போன் எடுத்து, வேலைக்கு லீவு போட்டு உடனே வரட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம் பிள்ளை, இப்ப வராதை. ஓகஸ்டிலை வா" என்று நீங்கள் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழும்பிப் போனேன். பாவி நான்.

பங்குனி முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். கடைசி நாலு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். அவள் சவப்பெட்டியைப் பார்க்கத்தான் வந்தாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறாள். நேற்றும் எடுத்தாள்.

"சித்தி, அம்மா ஏன் என்னை வரவேண்டாம் எண்டவா? என்னிலை ஏதும் கோவமோ?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அக்கா. அவளுக்கும் எனக்கும் நடுவில் சிங்களமும் இல்லை, டொக்டரும் இல்லை. தமிழில் நாலு வார்த்தை சொன்னால் போதும். அதுகூட என் வாயில் வருகுதில்லை.