ஊசியின் மேல் போட்ட பழி

சிவமயம்

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மெய்யம்மைக்கு அழகுசுந்தரம் எழுதுவது.

மகள் பிரசவத்துக்குத் துணையாகப் போன உன்னையும், மகளையும் பச்சைப்பிள்ளையையும் தினமும் போனில் பார்க்கிறேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் கடிதமாக எழுதி, நீ இருக்கும் சிங்கப்பூருக்குக் கிளம்பும் கார்த்திகேய சிவத்திடம் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

மதுரை ஆஸ்பத்திரியில் எடை குறைக்கும் ஹார்மோன் ஊசியைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் நான் சேர்ந்தது உனக்குத் தெரியும். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மூன்று மாதத்தில் எனக்கு ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. என்னோடு ஊசி போட வரும் புதுவயல் அரிசி ஆலை மலையாண்டிக்குப் பதினொரு கிலோ.

தையில் நம் அறுபதாம் கல்யாணம். வெற்றுடம்போடு உட்கார வைத்துச் சம்பந்திமார் எல்லாரும் கலச நீர் ஊற்றுவார்கள், வீடியோ வேறு. இந்தத் தொந்தியோடா என்று கூசிப்போய், பசியை அடக்கிச் சுறுசுறுப்புத் தரும் மாத்திரையை இன்டர்நெட்டில் வாங்கினேன். உன் பட்டுச்சேலை அடுக்குக்குள் ஒளித்துவைத்துத் தினம் இரண்டு போட்டேன். தூக்கம் போனது, எடையும் போனது. வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் நான் மயங்கி விழுந்தது வெயிலால் இல்லை. அந்த மாத்திரையால் நெஞ்சு நூற்றைம்பதுக்கு அடித்தது. டாக்டரம்மா தேவிகா, ஊசிதான் காரணமோ என்று பயந்து, விசாரித்து முடியும்வரை ஆராய்ச்சியில் இருக்கும் அறுபது பேருக்கும் ஊசியை நிறுத்திவிட்டார். அப்போதும் என்னைக் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

நேற்று மலையாண்டி நம் வீட்டுக்கு வந்தார், ஆறு ஆரஞ்சுப் பழத்தோடு. எடை இறங்கினால்தான் முழங்கால் ஆபரேஷன் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஆறு கிலோதான் பாக்கி இருந்தது. ஊசி நின்றதும் நாலு கிலோ ஏறிவிட்டது. ஆலைக்குப் போக முடியவில்லை. அதற்கு யாரையும் ஒரு குறை சொல்லவில்லை மனிதர்.

"ஊசி போனாப் போகுதுங்கய்யா. நீங்க பொழச்சு நல்லா இருக்கீகள்ல, அது போதும்" என்றார். பழத்தை உரித்து என் கையில் கொடுத்தார். மெய்யம்மை, நான் அதை வாங்கித் தின்றேன். வெட்கங்கெட்டவன்.

நாளை விடியற்காலை பஸ்ஸில் மதுரை போகிறேன். மிச்ச மாத்திரையை டாக்டரம்மா மேஜையில் வைத்துவிடுவேன். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஊசியை மறுபடி ஆரம்பிப்பார்களா என்று தெரியாது. திரும்பியதும் வீட்டுக்கு வராமல் நேரே புதுவயலில் போய் இறங்க வேண்டும். அங்கேதான் கால் கூசுகிறது. மலையாண்டி என்னைத் திட்டமாட்டார், அதுதான் பயம். இதைப் படித்துவிட்டு நீ போன் செய்யும்போது என் உடம்பைப் பற்றி விசாரிக்காதே. புதுவயல் போனீகளா என்று மட்டும் கேள்.

பிள்ளைக்கு என் ஆசிகள். மகளின் இரண்டாவது பையனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயரை, அதாவது என் பெயரை, வைப்பது நம் வழக்கம். உன் வாயிலிருந்து வரும் அந்தக் கேள்விக்கு, போனேன் என்று நான் பதில் சொல்லும்வரை, பெயர் வைக்காமல் மகளைப் பொறுத்திருக்கச் சொல்.

இப்படிக்கு,
அழகுசுந்தரம்