கட்டிலில் உட்காரக் கூடாது

நவம்பர் 1994, செவ்வாய்

டாக்டரானாலும் சொந்தக்காரரானாலும் எங்கள் வார்டில் நோயாளியின் கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது. பெரிய டாக்டர் எனக்குச் சொன்னதைத்தான் பயிற்சி டாக்டராக வந்த ரஹ்மத்துக்கு நானும் சொன்னேன். வந்த புதிதில் அவள் கட்டிலில் உட்கார்ந்து, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

இன்று உவரி ஊரிலிருந்து வந்திருந்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். கால்மாட்டில் நின்றபடியே அவர் மனைவியிடம் ரஹ்மத் சொன்னாள்: "உங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு. வெளிய போய் நில்லுங்க." அப்படியே என் குரல். சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

இத்தனை நாளும் தரையிலேயே கிடந்த அந்த அம்மாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"இனியாவது அவுக பக்கத்துல கொஞ்ச நேரம் கட்டில்ல உக்காந்துக்கிடட்டுமா, தாயி?"

ரஹ்மத் மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள்.