மணல் பிடித்த தூண்

பிப்ரவரி 11
இன்று கடற்பாலத்துக்கு இன்னொரு தூண் இறங்கியது. இரும்புத் தூணின் நுனியில் அகன்ற திருகு, தலையில் சக்கரம். சக்கரத்தில் நீட்டிய கம்புகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் சுற்றிச் சுற்றி நடக்க, தூண் கடலடி மணலுக்குள் போகும். சாப்பாட்டுக்குக்கூட ஆள் மாற்றி ஆள்தான். "நின்னா மணல் பிடிச்சுக்கும்" என்பார் என் வீட்டுக்காரர். பாதிப் பாலத்தில் அவரைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இப்போது ஒப்பந்தம் என் பெயரில். கொழுந்தனாருக்கு அது தொண்டையில் முள்.

பிப்ரவரி 12
துறைமுக அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார்: "காத்து திரும்பி அலை ஏறுறதுக்குள்ள கடைசி வரிசை முடியணும்மா. இல்லேன்னா மீதிய உங்க கொழுந்தனார் பார்த்துக்குவார்."
பார்த்துக்குவாராமே! நானும் ஒரு கை பார்க்கிறேன்.

பிப்ரவரி 20
வயிறு எரியுது. நான் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து, கொழுந்தனார் புகைப்படக்காரரைக் கூட்டி வந்திருக்கிறார். கடைசித் தூண் பாதி இறங்கும்போது ஆட்களை நிறுத்தி, நடுவில் தானும் நின்று படம்! மறுபடி தள்ளினால் திருகு அசையவில்லை, தூண்தான் சாய்ந்தது.
"இந்த இடத்து மண்ணு சரியில்ல அண்ணி."
ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்!

பிப்ரவரி 21
"தூணை வெட்டி விட்டுடுங்க. முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்கிறார் அதிகாரி.
சொல்ல மாட்டேன். என்ன பண்ணுவாங்க?

பிப்ரவரி 23
கரையில் நின்று அந்தக் கோணல் தூணைத் திட்டிக்கொண்டிருந்தேன். அலை திரும்பியபோது காலடி மணல் அரித்து, பாதம் உள்ளே இறங்கியது. அட மக்கே! இறுகின மணலைத் தண்ணிதானே இளக்கணும்?
கப்பல்தளம் கழுவும் பம்பு கேட்டேன். தர முடியாது என்றார் அதிகாரி.
"உங்ககிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு எடுத்துக்கறேன்."

பிப்ரவரி 24
எடுத்துவிட்டேன்.
தூணை ஒட்டிக் குழாயை இறக்கித் தண்ணீரைப் பீய்ச்சினோம். கடல் கலங்கிச் சேறாயிற்று. எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொன்னேன் — ஒன்றுமில்லை. மறுபடி... அசைஞ்சுது! கொஞ்சம் மேலே எடுத்து, கயிறு கட்டி நிமிர்த்தி, புதிதாகத் திருகினோம்.
கொழுந்தனார் படகில் ஓடி வந்தார். "கொஞ்சம் நிறுத்துங்க அண்ணி, அதிகாரி வர்றார்!"
"வரட்டும். பார்க்கட்டும்."
ஒருவரும் காலை நிறுத்தவில்லை. தூண் முழுசாக இறங்கியதும், அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன். என் வீட்டுக்காரர் பார்த்திருக்கணும். பார்க்காமல் போய்விட்டாரே பாவி மனுஷன்.

மார்ச் 15
காற்று திரும்பிவிட்டது. நாங்கள் மேலே பலகை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 2
பக்கத்துத் துறைமுகத்திலும் கடற்பாலம் கட்டப் போகிறார்கள். அதிகாரி என்னைத்தான் சொல்லியிருக்கிறாராம்; நாளைக்கே ஆட்களோடு அங்கே படகு ஏறணும். பம்பைப் பற்றி மூச்சு விடவில்லை.
மாலையில் கொழுந்தனார் வந்தார். "அண்ணி, அங்க எனக்கு மேஸ்திரி வேலை ஏதாவது..."
"மேஸ்திரி நான். கம்பு தள்ள ஆள் வேணும்."
முகம் சிவக்க எழுந்து போனார்.

ஜூன் 3
விடியற்காலையில் படகுத்துறைக்குப் போனேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆட்களோடு ஆளாக வரிசையில் நின்றிருந்தார் கொழுந்தனார்.
"ஏறுங்க தம்பி" என்றேன்.