ஏரம்பு எடுத்த செவ்வந்திக்கல்

சிவமயம்

ஒட்டுசுட்டான்,
17.9.1963

மகன் தில்லைநாதனுக்கு அம்மா எழுதுவது,

இஞ்ச நானும் அப்பாவும் தங்கச்சி கமலாசனியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறம். நீ சுகமோ எண்டு நான் கேக்கேல்லை. நீ அனுப்பின லண்டன் பேப்பர்த் துண்டில, கோட்டும் போட்டுக்கொண்டு என்ர கல்லை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுச் சிரிச்சபடி நிக்கிறாய், நல்ல சுகமாத்தான் இருக்கிறாய். இஞ்ச மழை இன்னும் இல்லை, உழுதுபோட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறம், போன கிழமை யானை வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்து வாழை முழுக்க முறிச்சுப்போட்டுது, தங்கச்சிக்குப் பளையில ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கு. வீட்டுக் கதை இவ்வளவுதான். இனி நான் எழுத வந்ததை எழுதுறன், பாதியில மடிச்சு வைக்காமல் கடைசிமட்டும் வாசி.

அந்தப் பேப்பரைத் தங்கச்சி தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில தமிழாக்கிச் சொன்னவள். இலங்கை மாணவர் ஒருத்தர் வன்னிக் காட்டுக்குள்ள தனியாப் போய், யானைக்கும் கரடிக்கும் தப்பி, மூண்டு நாள் தேடிக் கண்டுபிடிச்ச செவ்வந்திக்கல் கொத்தாம், லண்டன் நூதனசாலையில, சனம் வந்து பாக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவரின்ர பேரோட வைச்சிருக்கினமாம். எந்தக் காடு மகனே? பின்வளவுக்குப் போறதெண்டாலே பாம்பு கிடக்கும் எண்டு தங்கச்சியை முன்னால நடக்கவிட்ட ஆள் நீ. இந்தக் காணியை வெட்டித் துப்பரவாக்கின காலத்தில, மழை விட்ட கையோட வரம்பால போய்ப் பளிங்குக்கல் பொறுக்கினவள் நான். ஊர்ச் சனம் என்னைக் கல்லுக்காரி எண்டு பழிச்சது எனக்கு ஒண்டுமில்லை, நீ உன்ர சிநேகிதப் பெடியள் வரேக்க நான் கல்லுப் போட்டு வைச்ச தகரப் பேணி எல்லாத்தையும் கட்டிலுக்குக் கீழ தள்ளினதுதான் மனதில நிக்குது. நான் கத்தரிப்பூக் கல் எண்டு சொல்லிக்கொண்டிருந்ததுக்குச் செவ்வந்திக்கல் எண்டு சரியான பேர் சொன்னது நீ. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான் உனக்கு உரிமை இருக்கு.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கேல்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு மூண்டாம் வருஷம் எங்கட கிணறு வெட்டேக்க பதினாறு அடியில பாறை கண்டது. கிணறு வெட்டுற எங்கட ஏரம்பு வெடி வைச்சுப்போட்டு இறங்கினவர், கீழ நிண்டு அக்கா ஓடி வாங்கோ, கல்லுக்குள்ள பொந்தொண்டு, உள்ளுக்க முழுக்கக் கத்தரிப்பூப் பூத்துக் கிடக்கு எண்டு கத்தினவர். நான்தான் உடையாமல் எடுத்துத் தாங்கோ எண்டு கேட்டனான். அலவாங்குக் கம்பியால நெம்பியிருந்தால் அரை மணித்தியால வேலை, அந்த மனிசன் நாலு நாள் குந்தியிருந்து சின்ன உளியால கொத்தினவர். நாலாம் நாள் கொத்துக் கழண்டு வர, மேல இருந்த பாறைத்துண்டு சரிஞ்சு அவரின்ர இடக்கையில விழுந்தது. கல்லைக் கூடைக்குள்ள வைச்சு மேல இழுங்கோ எண்டு சொன்னபிறகுதான் கையைக் காட்டினவர். முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்கு டிறக்டரில கொண்டுபோய் இரண்டு விரல் எடுத்தது. பிறகு அவருக்குக் கயிறு பிடிக்க ஏலாது, கிணத்து வேலை போச்சுது, இப்ப ஆரின்ரயோ எருமையை மேய்க்கிறார். நான் அழ, அவர் கேட்டது ஒண்டே ஒண்டு, ஆரும் வந்து பாத்தால் ஏரம்பு எடுத்தது எண்டு சொல்லுங்கோ அக்கா எண்டு. அதால நான் கொப்பித் தாளில இடம், ஆழம், திகதி, ஏரம்புவின்ர பேர் எல்லாம் எழுதிக் கல்லின்ர அடியில ஒட்டினனான்.

போன வருஷம் நீ வந்து நிண்டு, பேராசிரியருக்குக் காட்டிப்போட்டுத் தாறன் எண்டு கெஞ்சேக்க, என்ர கூறைச்சீலையால சுத்தித் தந்தனான். கல்லில ஒட்டின தாள்த்துண்டைக் கழட்டாதை எண்டு வாசல் படலையடி மட்டும் வந்து சொன்னனான். நீ கழட்டிப்போட்டாய். ஏரம்புவின்ர பேர் அதில இருக்கோ எண்டு நான் கேட்டு எழுதினதுக்கு, அம்மா, கிணறு வெட்டுறவன்ர பேரைப் போட்டால் இஞ்ச ஆர் மதிப்பினம், உங்களுக்கு இந்த உலகம் விளங்காது எண்டு பதில் எழுதினாய். அந்த வரியைத் திருப்பித் திருப்பி வாசிச்சு எனக்குப் பாடமாப் போச்சுது. விளங்குது மகனே, நல்லா விளங்குது. களவெடுத்தவனுக்குப் பேர் கள்ளன்தான், லண்டனிலயும் அதுதான்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஏரம்பு வந்தவர். தங்கச்சி ஒண்டும் யோசிக்காமல், அண்ணையின்ர படம் வந்திருக்கு எண்டு முழுக்க வாசிச்சுக் காட்டிப்போட்டாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிணறெண்டு எங்கயும் எழுதியிருக்கோ பிள்ளை எண்டு கேட்டவர். இல்லை, காடெண்டுதான் கிடக்கு எண்டாள். ஊத்தின தேத்தண்ணி அப்பிடியே இருக்க எழும்பிப் போனவர். பிறகு எங்கட படலைப் பக்கம் வாறேல்லை, எருமையைக் குளக்கட்டால சுத்திக் கொண்டுபோறார். நான் அவரின்ர வீட்டுக்குப் போனனான். கதிரையைத் துடைச்சு வைச்சு, தம்பி பெரிய இடத்தில நிக்கிறார், விடுங்கோ அக்கா எண்டார். ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பன். விடுங்கோ எண்டதுதான் என்னைச் சுட்டது.

நான் விடேல்லை. கொத்துக் கழண்ட அடிப்பாறை இன்னும் என்னட்டை இருக்கு, உடைஞ்ச வாய் அப்பிடியே தெரியுது, கொத்தின்ர அடியோட அது சரியாப் பொருந்தும். அதைத் தாளில வைச்சுப் பென்சிலால சுத்திக் கீறி, என்ர கொப்பியில இருந்த பக்கத்தையும் ஆசுப்பத்திரித் துண்டையும் வைச்சு, தபால் கந்தோர்ச் சிற்றம்பலத்தாரைக் கொண்டு இங்கிலீசில நூதனசாலைக்கு ஒரு கடிதம் எழுதிவிச்சனான். நானும் ஏரம்புவும் கையொப்பம் வைச்சிருக்கிறம். அவர் வைக்கமாட்டன் எண்டு நிண்டவர், நான் அவரின்ர வீட்டு முற்றத்தில குந்தியிருந்து அவரைச் சம்மதிக்க வைச்சனான். நேற்றுத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில போட்டாச்சுது. உன்னட்டைக் கேட்டுப் போடேல்லை, போட்டபிறகு சொல்லுறன். அப்பா, பிள்ளையின்ர படிப்பில மண் அள்ளிப் போடுறாய் எண்டு சொல்லி, கடிதம் எழுதுவிக்கத் தொடங்கினதில இருந்து நாலு நாளா என்னோட கதைக்கிறேல்லை. குசினிக்கு வாறார், சாப்பிடுறார், போறார். அவரும் உன்னைப்போலத்தான், எனக்கு விளங்காதெண்டு நினைக்கிறார். உன்னைத் திருப்பி அனுப்பினால் வா, இஞ்ச வயல் கிடக்கு, வேலை செய்து சாப்பிடலாம். அதில ஒரு வெக்கமும் இல்லை. இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப்போட்டு, கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுதெண்டு பேராசிரியருக்குச் சொல்லுவாயோ, இல்லை நூதனசாலைக்காரர் கேக்க முன்னம் நீயே போய் உண்மையைச் சொல்லுவாயோ, அது உன்ர பாடு. நீ எதைச் செய்தாலும் நான் எழுதினதை மாத்தி எழுதமாட்டன்.

வெள்ளிக்கிழமை சிவன் கோயிலில உன்ர பேருக்கு அருச்சனை செய்தனான். ஐயர் என்ன வேண்டுதல் எண்டு கேட்டவர், புத்தி எண்டு சொன்னனான். கடவுள் உன்னைக் கைவிடமாட்டார், நானும் கைவிடேல்லை, ஆனால் உன்னை நினைக்க இப்ப எனக்கு நெஞ்சு குளிருறேல்லை. குளிர்காலம் வருது, நெஞ்சில சளி பிடிக்கவிடாதை, கம்பளிச் சட்டையைப் போடு. எனக்குப் பதில் எழுதாட்டிலும் பரவாயில்லை. ஏரம்புவுக்கு எழுது. தங்கச்சியைக் கொண்டு வாசிப்பிப்பன். எழுதேக்க ஏரம்பு அண்ணை எண்டு தொடங்கு. அந்த மனிசன் உன்னை இடுப்பில தூக்கித் திரிஞ்சவர், ஒருநாளும் நீ அவரை அப்பிடிக் கூப்பிடேல்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த
வீரகத்தி அன்னபாக்கியம்