வயிற்று வலி என்று எழுத மாட்டேன்

திண்டிவனம்,
கார்த்திகை முதல் ஞாயிறு.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், உன் சுகத்தைப் போனில் மட்டுமில்லாமல் உன் கையெழுத்திலும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, துணி காய்வதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று சொன்னால் ஏதாவது வேலை வைத்துவிடுவேன் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். கிளாஸ்கோவில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று நீ சொன்னதிலிருந்து, இங்கே விளக்கு வைக்கும்போதெல்லாம் உன் பேச்சுத்தான். கொஞ்ச நாளாக நீ கூப்பிட்டதும் தலைவலிப்பா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் நீ கேட்டதற்குப் பதில். இந்த வயசுல உனக்கு எதுக்குப்பா ஊர் வம்பு, அவங்க காட்டற இடத்துல கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுல இருக்கவேண்டியதுதானே என்றாய். எதிரில் ஒருவர் பேசினால் என் வாதமெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். காகிதத்தில் யாரும் குறுக்கே பேசுவதில்லை, அதனால் வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

விழுப்புரத்தில் பெரியசாமி என்பவர் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். கிளியனூர் பக்கமும் வானூர் பக்கமும் சில கிராமங்களில் தற்கொலைத் தடுப்புக்காக இரண்டு காரியங்கள் செய்கிறார்கள். ஒன்று, ஊருக்குப் பொதுவாக ஒரு கொட்டகை, அதில் குடும்பத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. பயிருக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டி வைக்கவேண்டும். மனம் உடைந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் மீண்டுவிடுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. இன்னொன்று, பயிற்சி கொடுத்த பெண்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, ஜனங்கள் சொல்வதைக் கேட்பது. இதனால் பலன் உண்டா என்று பண உதவி செய்கிற வெளியூர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று திட்டம் எழுதிக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், சாது, சொன்னதை எழுதுவான் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பொய்யென்று சொல்ல முடியாது.

எழுதுவதற்கு முன்னால் ஊரைப் பார்க்கவேண்டும் என்றேன். வீடு வீடாகப் போகிற பெண்களில் ஒருத்தி அன்புச்செல்வி, அவள்தான் என்னை அழைத்துப் போனாள். வண்டியில் பின்னால் உட்காரப் பயந்து நடந்தே வருகிறேன் என்றேன், சேறு முட்டி வரைக்கும் கீது சார், வேட்டியத் தூக்கிக்கினு வர்றீங்களா என்றாள், ஏறிக்கொண்டேன். கொட்டகையில் எல்லாப் பெட்டியும் பூட்டித்தான் இருந்தன. பெரியசாமியின் அறிக்கையில் பூட்டியிருக்கிற பெட்டியெல்லாம் பயன்பாட்டில் இருக்கிற பெட்டி. எனக்கு அந்தக் காலத்துப் பழக்கம், விளைச்சல் கணக்கெடுக்கப் போனால் வரப்பில் நின்று பார்த்து எழுதமாட்டேன், இறங்கி அறுத்து எடை போட்டுத்தான் எழுதுவேன். திறந்து காட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். வேங்கடேசன் என்கிற விவசாயி தாராளமாகத் திறந்தார். உள்ளே மூட்டை கட்டிய விதை நிலக்கடலை, நம் ஊர் மல்லாட்டை. வீட்ல எலித் தொல்ல பேஜாரு சார், இதுக்குள்ள எலி இன்னா, எறும்புகூட போவாது, நல்ல பொட்டி, இன்னொண்ணு குடுக்கச் சொல்லுங்க என்கிறார். மருந்து எங்கே என்றால், அது வீட்லதான் கீது, கயினிக்குப் போறப்ப எடுத்துக்கினு போவணும்ல என்கிறார். அடுத்ததிலும் மல்லாட்டை, அதற்கடுத்ததில் பட்டுப்புடவையும் நிலப் பத்திரமும். ஒழுங்காக மருந்து வைத்திருந்த பெட்டிகளும் இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்புச்செல்விக்கு முகம் சுண்டிவிட்டது, நானே இன்னிக்குத்தான் சார் பாக்கறேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கே சிரிப்பு போய்விட்டது.

பவுனு அம்மாளின் மகன் வல்லரசு போன மாசியில் இறந்துவிட்டான். வயிற்று வலி தாங்காமல் செத்தான் என்று ஊரே சொல்லி எரித்து முடித்துவிட்டார்கள். நம் பக்கத்தில் எந்த வீட்டில் இப்படி நடந்தாலும் வயிற்று வலிதான். கேஸ் வரும், கோர்ட்டு வரும், வீட்டில் பெண் இருந்தால் வரன் வராது என்று பயம். நான் அந்த அம்மாளிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை. அன்புச்செல்விதான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் அந்த வீட்டுக்கு வாரம் தவறாமல் போகிறவள். அந்த அம்மாளே சொன்னார். தங்கச்சி துர்கா கல்யாணத்துக்கு நின்னுக்கினு இருந்தா சார், அதான் அப்புடிச் சொன்னோம், இப்ப அவளுக்கு ஆயிட்டுது, எம்புள்ளைக்கு ஒரு நாளும் வவுத்து வலி வந்ததில்ல. தலவலிம்மா, தலவலிம்மான்னு படுத்தே கெடப்பான், நானும் மாத்திர வாங்கிக் குடுத்துக்கினே இருந்தேன், இன்னாடா கண்ணு உள்ள இருக்குதுன்னு ஒருவாட்டி கேக்கல என்றார். நாங்கள் எழுந்தபோது என்னைப் பார்த்து, நீங்க எழுதறதுல எம்புள்ள வருவானா சார் என்று கேட்டார். வருவான் என்பதுபோல் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

கலை, அந்தத் தலையாட்டல்தான் இப்போது என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரியசாமி வைத்திருக்கிற திட்டத்தில் வல்லரசு வரமாட்டான். போலீஸ் காகிதத்தில் தற்கொலை என்று எழுதியிருப்பதை மட்டும் எண்ணவேண்டும் என்கிறார், அப்படி எண்ணினால் அவருடைய ஊர்களில் ஒருவர்கூட இல்லை. பெட்டிதான் காப்பாற்றியது என்று புத்தகம் போட்டு, இன்னும் பல ஊர்களுக்குப் பெட்டி வாங்கி, வீட்டுக்குப் போகிற பெண்களை நிறுத்திவிடலாம் என்பது அவர் யோசனை. மல்லாட்டை பத்திரமாக இருக்கும், பவுனு அம்மாளின் கையைப் பிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

நான் வேறு மாதிரி எழுதினேன். பணி நடக்கிற ஊர்களைப் போலவே பணி போகாத ஊர்களையும் எடுத்துக்கொள்ளவேண்டும், அந்த ஊர்களைப் பெரியசாமியும் தேர்ந்தெடுக்கக்கூடாது, நானும் தேர்ந்தெடுக்கக்கூடாது, சீட்டுக் குலுக்கி எடுக்கவேண்டும். சாவு நடந்த வீடுகளுக்கு வேற்றூர்ப் பெண்கள் போய், விருப்பம் இருந்தால் மட்டும், பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துக் கேட்கவேண்டும், கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாமல் துணைக்கும் இருக்கவேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். மனம் சரியில்லை என்று எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்ல வந்தார்கள் என்று பார்க்கவேண்டும். இத்தனை சின்ன இடத்தில், உயிர்ச்சேதம் குறைந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாமலும் போகலாம், அதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை விழுப்புரத்தில் கூட்டம். அய்யா, வீடு வீடா கேட்டா நம்பர் ஏறிடும், எங்களாலதான் செத்தாங்கன்னு ஆவும், யாரு ஒதவி பண்ணுவாங்க என்றார் பெரியசாமி. அது நியாயமான பயம்தான், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பணி நடக்கிற ஊர், நடக்காத ஊர் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்போம், பணி தொடங்குவதற்கு முந்தைய வருஷங்களையும் கேட்போம், அப்போது ஏறினால் எல்லா இடத்திலும் ஏறும் என்றேன். அதெல்லாம் வேணாங்க, ஜீரோன்னு போட்டா எல்லாருக்கும் சந்தோசம், ஜல்தியா கையெழுத்து போடுங்க, டீ ஆறுது என்று அவருடைய தாளை என் பக்கம் நகர்த்தினார். என் உத்தியோகத்தில் ஒரு மேலதிகாரியிடமும் சொல்லாத வார்த்தை, முடியாதுங்க என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை சொன்னேன். வயசாயிட்டாலே இந்தப் பிடிவாதம்தான் என்று யாரோ சொன்னார்கள். இருக்கட்டும் என்று தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் குடையை அங்கேயே வைத்துவிட்டது தெரிந்தது. அதற்காகத் திரும்பிப் போகமாட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கிட்ட மட்டுந்தான் முடியாதுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க, இப்பவாவது வெளியில சொல்லத் தெரிஞ்சுதே என்றாள். அன்றைக்கு இரண்டாவது முறையும் காபி போட்டுக் கொடுத்தாள். பெரியசாமி இன்னும் கூப்பிடவில்லை, வேறு ஆளைப் பிடிக்கலாம். பிடிக்கட்டும். உதவி செய்கிறவர்களுக்கு என் திட்டத்தை என் பெயரிலேயே தபாலில் அனுப்பிவிட்டேன், பெட்டிக்குள் பார்த்ததையும் சேர்த்து. அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கார்த்திகை கடைசி ஞாயிறு கிளியனூரில் அன்புச்செல்வி வீட்டில் சீட்டுக் குலுக்கத்தான் போகிறோம். ஒரு சில ஊரோடு நின்றாலும் நிற்கட்டும், நான் செய்வது சரிதானா என்று தினமும் எனக்கே சந்தேகம் வருகிறது, வந்தால் வரட்டும், சந்தேகத்தோடேயே செய்கிறேன். ஊர் வம்பு வேண்டாம் என்ற உன் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்கப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இப்போது உன் தலைவலி. பவுனு அம்மாள் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த வார்த்தையை என்னால் வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை கண்ணு. நிஜமாகவே தலைவலியாக இருந்தால் டாக்டரைப் பார், இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறேன், நேராகக் கேட்கிறேன். உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிறதா? அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடாது என்று அன்புச்செல்விக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் எனக்குச் சொன்னாள். நீ என்ன சொன்னாலும் நான் பயப்படமாட்டேன், பயந்தாலும் போனை வைக்கமாட்டேன். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றால் வா, யாருக்கும் காரணம் சொல்லவேண்டாம். உன் அலுவலகத்தில் இதற்கென்று பேச ஆள் இருப்பதாக முன்பு சொன்னாயே, இந்தக் கடிதம் வருவதற்குள்ளேயே அவரைப் பார்த்திருந்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

நீ நீண்ட ஆயுளோடும் மனநிறைவோடும் இருக்க மேல்மலையனூர் அங்காளம்மனை அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள், அமாவாசைக்குப் போகிறோம். வறுத்த மல்லாட்டை பார்சலில் வருகிறது, அது வேங்கடேசன் பெட்டியிலிருந்து எடுத்ததில்லை, கடையில் வாங்கியது. மறக்காமல் நீ செய்யவேண்டியது ஒன்றுதான், இதைப் படித்த அன்றைக்கே கூப்பிடு. நான் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து எடுப்பேன். தலைவலி என்று சொன்னால் மட்டும் எழுதிக்கொள்ள மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
நடராசன்.