கீறல் தேடிய கை

என் பொன்னான அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது, இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பார், முதல் வரியிலேயே புளுகு. நான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன்.

மிளகு காயப்போட்ட களத்தில் நீ கையைத் தூக்கி அக்குளைக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? புளியங்கொட்டை அளவு கட்டி. நான் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு கீறலைக் கண்டுபிடித்தேன். "இதா பாருக்கா, முள்ளுக் கிழிச்சிருக்குது. அதான் நெறி கட்டியிருக்குது. வெளக்கெண்ண போடு, வத்திப் போயிரும்" என்றேன். "அதான பாத்தேன்" என்று நீ சிரித்தாய். இரண்டு பேருக்கும் போன உயிர் வந்தது.

கீறல் நாலு நாளில் ஆறியது, கட்டி பெரிதானது. அடுத்த கீறலைத் தேடினோம். தோட்ட வேலை செய்கிற கையில் கீறலுக்கா பஞ்சம்? எட்டு மாதம் இப்படியே ஓட்டினோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது.

இப்போது எனக்கும் அதே இடத்தில், அக்கா. குளிக்கும்போது தட்டுப்பட்டது. ஈரம்கூடத் துடைக்காமல் கையைத்தான் பார்த்தேன். ஒரு சிராய்ப்பு இல்லை. நேரே அன்னாசிக் காட்டுக்குப் போய், மடலின் முள்ளில் வேண்டுமென்றே கையை இழுத்துக்கொண்டேன். ரத்தம் வந்ததும் அப்பாடா என்றிருந்தது. எல்லாம் தெரிந்தவள் இப்படியா செய்வாள்? எனக்கென்ன பைத்தியமா?

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அன்னாசி முள்ளுங்க, நெறி கட்டிருச்சு."

"அப்பறமென்ன, வத்திரும் போ" என்று மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்.

நேற்று உன் மகள் வளர்மதி வந்திருந்தாள். "ஏஞ் சித்தி, கையத் தூக்கறப்ப மூஞ்சியச் சுழிக்கறீங்க?"

"நெறி கண்ணு."

பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்கம்மாவும் இதயேதான் சொல்லுச்சு சித்தி" என்றாள். அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

என் காயம் ஆறிவிட்டது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எழுதப் போனேன், பாதியில் நிறுத்திவிட்டேன். நீயும் எத்தனை 'நாளைக்கு' சொன்னாய்! என் சத்தியத்தை நானே நம்ப மாட்டேன். இன்றும் வருகிறேன் என்று வளர்மதி சொல்லிப் போனாள், அதனால் இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுக்கப் போகிறேன். படித்துவிட்டு என் மூஞ்சியில் காறித் துப்பட்டும். அப்புறம் அவளே என்னை இழுத்துக்கொண்டு போவாள், மலை இறங்கும்வரை கையை விடமாட்டாள்.

வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது. பயமாக இருக்கிறது அக்கா. கொடுத்துவிடுகிறேன்.

உன் கையில் முதல் கீறலைக் கண்டுபிடித்த
தங்கச்சி ராசாத்தி