தாங்குதட்டில் சந்தனப் பொட்டு

புதன், இரவு

காலையில் ஒரு தாங்குதட்டு அளவில் தோற்றது. வெளிநாட்டில் எழும்பும் பெரிய தொலைநோக்கிக்காகக் கஞ்சிக்கோட்டில் எங்கள் பட்டறை செய்து அனுப்பும் தட்டு அது. அங்கே நூற்றுக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் சேர்ந்து ஒரே கண்ணாடியாக நிற்க வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் எங்கள் தட்டு. ஒரு தலைமுடி கனம் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நேற்று சரியாக இருந்தது இன்று எப்படி உயரும்? மறுபடி அளந்தேன். அதே கணக்குதான் வந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கண்ணாடி உட்காரும் பக்கத்தில் காய்ந்த சந்தனமும் குங்குமமும். மிஷின் ஓட்டும் பழனிச்சாமி அண்ணன் முடிந்த வேலைக்குப் பொட்டு வைக்காமல் விடமாட்டார்.

துடைத்ததும் அளவு சரியாகிவிட்டது. அவர் முகம் சரியாகவில்லை.

"அனுப்பற பெட்டி மேல வெச்சுக்கலாங்கண்ணா" என்றேன்.

"பெட்டியப் பிரிச்சு வீசிருவாங்க அம்மிணி. பாரந் தாங்கறது இதுதானே?"

எரிச்சலாக வந்தது. சாப்பாட்டு நேரத்தில் வரைபடத்தை விரித்து, எதுவும் தொடாத இடம் ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். அடிப்பக்கத்தில், திருகு ஓட்டைகளுக்கு நடுவே, ஒரு பொட்டு வைக்கும் அளவுக்கு இருக்கிறது. நாளை அவரிடம் காட்டுவேன்.

வெளிநாட்டில் இறக்கி அளந்து பார்த்த பிறகு, பூட்டுவதற்கு முன்னால், எல்லாத் தட்டுகளையும் மருந்து ஊற்றிக் கழுவிவிடுவார்கள். அதை மட்டும் சொல்ல மாட்டேன்.